விடியட்டும் என்று இருக்க வேண்டாம், தங்கச்சி

கேள்வி: எனக்கு இது முதல் பிள்ளை. இப்போது 33 கிழமை. கொட்டாஞ்சேனையில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம், லிஃப்ட் கிடையாது. மல்லாந்து படுத்தால் பிள்ளைக்கு ஆபத்து என்று போனில் ஒரு வீடியோவில் பார்த்த நாளிலிருந்து, பயத்தில் சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே நித்திரை கொள்கிறேன். பின்னேரமானால் கால் வீங்கிச் செருப்புப் போட ஏலாது. விடியப்புறம் விரல்கள் மரத்துப் போகின்றன. நெஞ்செரிவு தாங்க முடியவில்லை. நினைத்த நேரத்தில் வயிறு கல்லுப் போல இறுகிவிடுகிறது. கையை உயர்த்தித் துணி காயப்போட்டால் பிள்ளையின் கழுத்தில் கொடி சுற்றும் என்று மாமி ஏசுகிறா. பெறுமாதம் நெருங்க நெருங்கப் பிள்ளையின் துடிப்பு, அதாவது அசைவு, குறைவதும் வழமைதான் என்கிறா. இரண்டு கிழமைக்கு முன் ஒரு இரவு பிள்ளை துடிப்பது குறைவு போலத் தெரிந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். பார்த்துவிட்டு எல்லாம் சரி என்றார்கள். ஆனால் "இதற்கெல்லாமா இந்த நேரத்தில் வருவது" என்று ஒருவர் சிங்களத்தில் சொன்னது எனக்கு விளங்கியது. பதில் சொல்லத்தான் தெரியவில்லை. இனிப் போக வெட்கமாக இருக்கிறது. அம்மா யாழ்ப்பாணத்தில். பிள்ளைப்பேற்றுக்கு அங்கே வரச் சொல்கிறா. போகலாமா?

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். "இனிப் போக வெட்கமாக இருக்கிறது" என்ற இடத்தில் இரண்டு தரமும் மனம் நின்றுவிட்டது. கால் வீக்கம், நெஞ்செரிவு எல்லாவற்றுக்கும் வருகிறேன். முதலில் இதைப் பேசிவிடுவோம்.

அன்றிரவு நீங்கள் போனது நூற்றுக்கு நூறு சரி. அப்படிச் சொன்னவர் சொன்னது பிழை. நான் 26 வருடம் மருத்துவமாதுவாக வேலை செய்தவள். இரவு டியூட்டியில் களைத்துப்போன வாயிலிருந்து என்னென்ன வார்த்தை வரும் என்று எனக்குத் தெரியும். அவர்களுடைய களைப்பை நீங்கள் சுமக்கத் தேவையில்லை. வயிற்றில் பட்டி கட்டி, பிள்ளையின் இதயத்துடிப்பைக் கடதாசியில் எடுத்து, பிரஷர் பார்த்து, "ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்கோ" என்று ஒரு தாயை அனுப்புவதுதான் எங்களுக்கு நிம்மதியான வேலை. அதை யாரும் தொந்தரவுக் கணக்கில் எழுதக்கூடாது.

ஒரு தாயை எனக்கு இன்றும் மறக்க முடியாது. இரண்டாவது பிள்ளை. துடிப்புக் குறைவு என்று ஒன்பது நாளைக்குள் மூன்றாம் தரம் வந்திருந்தா. உள்ளே வராமல் வாட்டு வாசலிலேயே நின்று, கிளினிக் அட்டையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறி மன்னிப்புக் கேட்டா. முதல் இரண்டு தரமும் கடதாசியில் கோடு நன்றாக இருந்தது. மூன்றாம் தரம் அப்படி இருக்கவில்லை. ஒரு மணித்தியாலத்துக்குள் சிசேரியன் செய்து எடுத்தார்கள். நச்சுக்கொடி ஒழுங்காக வேலை செய்யாததால் பிள்ளை மெலிந்து போயிருந்தான். ஆனால் எடுத்தவுடன் அழுதான். துடிப்புக் குறைவு திரும்பத் திரும்ப வந்தால் வைத்தியர்கள் அதைக் கூடுதலாகத்தான் கவனிப்பார்கள். ஆகவே இது எத்தனையாம் தரம் என்று எண்ணிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள்.

மாமி உங்கள் நன்மைக்குத்தான் எல்லாம் சொல்கிறா. ஆனால் பெறுமாதத்தில் துடிப்புக் குறையும் என்பதை மட்டும் தயவுசெய்து காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். துடிப்பின் விதம் மாறும், அது உண்மை. இடம் நெருக்கமாவதால் ஆறாம் மாதத்து உதை போல இல்லாமல், புரளுவது, உள்ளுக்குள் எதையோ இழுத்துத் தள்ளுவது போலத் தெரியும். எத்தனை தரம் என்பது குறையக்கூடாது. வலி தொடங்கும் நாள் வரைக்கும் பிள்ளை அசைந்துகொண்டுதான் இருக்கும், வலி வந்த பிறகும் அசையும்.

வயிற்றுக்குள் பிள்ளை 20 முதல் 40 நிமிடம் வரை நித்திரை கொள்ளும். ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் தூங்குவது அரிது. நீங்கள் குசினியில் நடந்து திரியும்போது துடிப்புப் பெரிதாகத் தெரியாது, இரவு சாய்ந்தவுடன் தெரியும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பழக்கம் இருக்கிறது. உங்கள் பிள்ளையின் பழக்கத்தை உங்களைவிட யாருக்கும் தெரியாது, எந்த டொக்டருக்கும் தெரியாது. கிளினிக்கில் துடிப்பு எண்ணும் தாள் தந்திருந்தால் அதை ஒழுங்காக நிரப்புங்கள். சந்தேகமாக இருந்தால் இடப்பக்கம் சரிந்து படுத்து, போனைத் தள்ளி வைத்துவிட்டு, வயிற்றில் கை வைத்து இரண்டு மணித்தியாலம் கவனியுங்கள். அதற்குள் 10 அசைவு வராவிட்டால் வெளிக்கிடுங்கள். அசைவே இல்லை, அல்லது வழமையைவிட நன்றாகக் குறைந்துவிட்டது என்று மனதுக்கு உறுதியாகத் தெரிந்தால் அந்த இரண்டு மணித்தியாலமும் வேண்டாம், உடனே போங்கள். ஐஸ் போட்ட ஜூஸ் குடித்தால் பிள்ளை எழும்பும் என்பார்கள். அதை நம்பிக் காத்திருக்கக்கூடாது. பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்க என்று ஒன்லைனில் விற்கும் சின்ன மெஷினை வயிற்றில் வைத்துக் கேட்டுவிட்டு ஆறுதல் அடைவதும் வேண்டாம். அதில் கேட்பது உங்கள் சொந்த இரத்த ஓட்டமாகவும் இருக்கலாம்.

அடுத்தது மொழி. கொழும்பில் எத்தனையோ தமிழ்த் தாய்மார் வாசலில் வாயடைத்து நிற்பதைக் கண்டிருக்கிறேன். நாலு வசனம் போதும். "பபா ஹெல்லெனவா அடுயி" என்றால் பிள்ளை அசைவது குறைவு. "லே யனவா" என்றால் இரத்தம் போகிறது. "வத்துர யனவா" என்றால் தண்ணீர் போகிறது, பன்னீர்க்குடம் உடைந்துவிட்டது என்று அவர்கள் விளங்கிக்கொள்வார்கள். "ஒளுவ ரிதெனவா" என்றால் தலை நோகிறது. இந்த நாலையும் ஒரு துண்டில் எழுதி அட்டைக்குள் வையுங்கள். உங்கள் அவரும் பாடமாக்கட்டும். வாய் தடுமாறினால் துண்டை நீட்டுங்கள்.

சரி, இனி அந்தக் கதிரைக்கு வருவோம். அதை விட்டுவிடுங்கள். கேட்டது அரைகுறை உண்மை, அதனால்தான் இவ்வளவு பயம். 28 கிழமைக்குப் பிறகு மல்லாந்து படுத்து நித்திரைக்குப் போவது நல்லதில்லை. கால்களிலிருந்து இதயத்துக்கு இரத்தம் கொண்டுவரும் பெரிய நாளம் முதுகெலும்பை ஒட்டிப் போகிறது. மல்லாந்தால் கர்ப்பப்பையின் பாரம் முழுவதும் அதன்மேல் விழும், பிள்ளைக்குப் போகும் இரத்தமும் குறையும். இதற்குப் பரிகாரம் சரிந்து படுப்பது, அவ்வளவுதான். இடப்பக்கம் நல்லது என்பார்கள், வலப்பக்கமும் பரவாயில்லை. நடுச்சாமத்தில் முழிப்பு வந்து பார்த்தால் மல்லாந்து கிடக்கிறீர்களா, பதறத் தேவையில்லை, பக்கத்துக்குப் புரண்டு திரும்ப நித்திரை கொள்ளுங்கள். முக்கியம் நித்திரைக்குப் போகும்போது எப்படிப் படுக்கிறோம் என்பது.

முழங்கால்களுக்கிடையில் ஒரு தலையணை. பழைய பருத்திச் சீலை ஒன்றை நாலாக மடித்து, வயிறு பாயில் தொடுகிற இடத்தில் மெல்லச் செருகிவிடுங்கள். வயிற்றின் பாரத்தை அது தாங்கிக்கொள்ளும், நாரி உளைவும் குறையும். முதுகுக்குப் பின்னால் இன்னொரு தலையணையைச் சாத்தி வைத்தால் முழுதாக மல்லாந்து போகமாட்டீர்கள். எழும்பும்போது நேராக நிமிர வேண்டாம். முதலில் சரிந்து, கால்களைக் கீழே விட்டு, கையால் ஊன்றி எழும்புங்கள். ஆட்டோவில் ஏறும்போதும் அப்படித்தான்: முதலில் இருந்துவிட்டு, இரண்டு முழங்காலையும் சேர்த்து வைத்தபடி உள்ளே திரும்புங்கள். இடுப்பெலும்பு மூட்டுகள் இப்போது தளர்ந்திருப்பதால் ஒற்றைக் காலில் பாரம் போட்டால் நோகும்.

இந்தக் கதிரைதான் உங்கள் கால் வீக்கத்துக்கும் ஒரு காரணம். இரவு முழுக்கக் காலைத் தொங்கப்போட்டு நித்திரை கொண்டால், பகலில் இறங்கிய நீர் எப்போது மேலே ஏறும்? கர்ப்ப காலத்தில் உடம்பில் இரத்தத்தின் அளவு ஏறக்குறையப் பாதியால் கூடும். கர்ப்பப்பை மேலே இருந்து அழுத்தும், அதோடு கொழும்பு வெக்கையும் சேர்ந்தால் கால் வீங்காமல் இருக்காது. பின்னேரம் வீங்கி, படுத்து எழும்பக் குறைந்து, இரண்டு காலும் ஒரே மாதிரி இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. பின்னேரம் அரை மணித்தியாலம் சரிந்து படுத்துக் காலைத் தலையணையில் உயர்த்தி வையுங்கள், கணுக்காலை வட்டமாகச் சுழற்றுங்கள். தண்ணீர் குடிப்பதைக் குறைத்தால் வீக்கம் வற்றும் என்று சிலர் செய்வார்கள். அது பிழை. இந்த வெயிலுக்கு இன்னும் கூடக் குடிக்க வேண்டும்.

ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் சூடாகி நோகத் தொடங்கினால் அது இரத்தம் கட்டியிருப்பதாக இருக்கலாம், அன்றைக்கே காட்ட வேண்டும். முகமும் கையும் திடீரென்று ஊதினாலும் போக வேண்டும். விடாத தலையிடி, கண் முன்னால் மின்னுவது அல்லது மங்குவது, வலப்பக்க விலாவுக்குக் கீழே கடும் நோ, சத்தி, இவையெல்லாம் பிரஷர் ஏறுவதன் அடையாளங்கள். 140க்கு 90 என்பது எல்லை, அதைத் தொட்டால் வீட்டில் இருக்கக்கூடாது. பிரஷர் ஏறுவது பல பேருக்கு ஒன்றும் தெரியாமலே நடக்கும். அதனால்தான் 28 கிழமைக்குப் பிறகு இரண்டு கிழமைக்கு ஒரு தரமும், 36க்குப் பிறகு கிழமைக்கு ஒரு தரமும் கிளினிக்குக்கு வரச் சொல்கிறோம். "நல்லாத்தானே இருக்கிறேன்" என்று ஒரு நாளையும் விட வேண்டாம். அங்கே சலம் பார்ப்பதும் இதற்காகத்தான்.

விரல் மரத்துப் போவதும் இதே நீரால் வருவது. மணிக்கட்டுக்குள் ஒரு ஒடுங்கிய பாதையால் நரம்பு போகிறது, சுற்றிலும் நீர் சேர்ந்து அதை நெரிக்கிறது. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும்தான் கூடுதலாக விறைக்கும், அதுவும் விடியப்புறம், கையை மடக்கி வைத்துத் தூங்கியிருந்தால். கையைத் தொங்கவிட்டு உதறுங்கள். மணிக்கட்டு மடியாமல் ஒரு துணிப்பட்டி சுற்றிப் படுக்கலாம். பிள்ளை பிறந்து சில கிழமைகளில் பெரும்பாலும் தானாகப் போய்விடும். இன்றைக்கே ஒன்று செய்யுங்கள்: கல்யாண மோதிரத்தை இப்போதே கழற்றி வையுங்கள். சவர்க்காரம் போட்டும் கழராமல், கடைசியில் வெட்டி எடுத்த மோதிரங்களைக் கண்டிருக்கிறேன். அந்த நேரம் ஒரு பெண்ணின் முகத்தைப் பார்க்கவே கவலையாக இருக்கும்.

நெஞ்செரிவுக்கு வருவோம். இரைப்பையின் மேல் வாய் கர்ப்பகால ஹோமோன்களால் தளர்ந்து போகிறது. கீழே இருந்து பிள்ளை முட்டுகிறது, புளிப்பு மேலே வருகிறது. பிள்ளைக்கு இதனால் ஒரு கெடுதியும் இல்லை. இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கு முன்னால் கொஞ்சமாக முடியுங்கள். இடியப்பமும் சொதியும் நல்லது, கொத்து ரொட்டியும் உறைப்புச் சம்பலும் இரவில் வேண்டாம். சாப்பிட்டு இரண்டு மூன்று மணித்தியாலம் போன பிறகு படுங்கள், கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்துங்கள். அதற்கும் அடங்காவிட்டால் கர்ப்பிணிகள் குடிக்கக்கூடிய மருந்து இருக்கிறது, கிளினிக்கில் கேட்டு வாங்குங்கள். கரைத்துக் குடிக்கும் சோடாத் தூளை நாளும் குடிப்பது நல்லதில்லை, அதில் உப்புக் கூட. நெஞ்செரிவு மருந்தையும் இரும்புச்சத்துக் குளிசையையும் ஒன்றாகப் போட வேண்டாம். கல்சியம் குளிசையையும் வேறு நேரத்துக்குத் தள்ளுங்கள். இரும்புச்சத்துக் குளிசைக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலமாவது பிளேன்டீ, பால்டீ இரண்டும் கூடாது, தேயிலை அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது. தேசிக்காய்த் தண்ணீரோடு போடுங்கள். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், அது குளிசையின் நிறம்.

வயிறு இறுகுவது பெரும்பாலும் சூட்டு வலிதான். கர்ப்பப்பை சும்மா ஒரு தரம் இறுகிப் பார்த்துவிட்டு விட்டுவிடும். கொஞ்சம் தண்ணீர் குடித்து, சலம் கழித்து, சரிந்து படுத்தால் அடங்கும். உண்மை வலி அடங்காது, ஒழுங்காக வரும், வரவர நீளும், இடைவெளி குறையும். நீங்கள் இன்னும் 37 கிழமையைத் தொடவில்லை. ஆகவே ஒழுங்கான இடைவெளியில் வலி வந்தாலோ, இரத்தம் பட்டாலோ, தண்ணீர் கசிந்தாலோ, பொறுத்துப் பார்க்கும் பேச்சே இல்லை. பொரளைப் பக்கத்துக் காசல் ஆஸ்பத்திரி, சொய்சா ஆஸ்பத்திரி எதில் பதிந்திருந்தாலும், பகலில் மருதானைப் பக்கம் வாகனம் நகராது என்பதை நினைவில் வைத்து வெளிக்கிடுங்கள். நிலைமை மோசமென்றால் ஆட்டோவைத் தேடாமல் 1990க்கு எடுங்கள், அந்த அம்புலன்சுக்குக் காசு இல்லை.

துணி காயப்போடுங்கள், பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. நாலு பிள்ளைக்கு ஒன்று போலக் கழுத்தில் கொடியோடுதான் பிறக்கிறது. பிள்ளை உள்ளே புரளும்போது சுற்றுவது, பெரும்பாலும் பிறக்கும்போது இலேசாகக் கழற்றிவிடுவோம். உங்கள் கைக்கும் அதற்கும் தொடுப்பே இல்லை. மாமிக்கு இதைச் சண்டை இல்லாமல் சொல்ல வேண்டுமென்றால், துணிக் கூடையைத் தூக்கி வர அவவைக் கேளுங்கள், நீங்கள் காயப்போடுங்கள். ஈரத்துணிக் கூடையோடு மூன்று மாடி ஏறுவதுதான் எனக்குப் பயம். படியேறுவது தன்னளவில் கெடுதியில்லை, கைபிடியைப் பிடித்து, ஒவ்வொரு மாடியிலும் நின்று ஏறுங்கள். மூச்சு வாங்கும், நின்றால் அடங்க வேண்டும். படுத்திருக்கும்போதும் மூச்சு முட்டினால், நெஞ்சு நொந்தால், இதயத்தைப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

நீங்கள் கேட்காத இரண்டு விஷயம். உள்ளங்கை, உள்ளங்கால் இரண்டும் இரவில் தாங்க முடியாமல் கடித்தால், தோலில் ஒன்றும் இல்லாவிட்டாலும் சொல்லுங்கள், ஈரலைப் பார்க்க இரத்தம் எடுப்பார்கள். மற்றது காய்ச்சல். கொழும்பில் இருந்துகொண்டு கர்ப்பிணி ஒருத்தி காய்ச்சலை மூன்று நாள் பார்க்கக்கூடாது. டெங்கு கர்ப்ப காலத்தில் வேகமாக மோசமாகும். முதல் நாளே போய் இரத்தம் பாருங்கள். பனடோல் தவிர வேறு நோக் குளிசை எதையும், பார்மசியில் தந்தாலும், வாயில் போடாதீர்கள். இப்யூபுரோஃபன், டைக்ளோஃபெனக் போன்றவை இந்த மாதங்களில் பிள்ளையின் இதயத்தை ஒட்டிய ஒரு இரத்தக் குழாயை நேரத்துக்கு முன்னரே ஒடுங்கச் செய்யலாம். பகல் நித்திரைக்கும் நுளம்பு வலை போடுங்கள்.

யாழ்ப்பாணம் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் பிள்ளைக்கு அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எந்தப் பெண்ணுக்குத்தான் மனம் வராது? இதுவரை பிரஷர், இரத்தப்போக்கு, நீளம் குறைந்த கர்ப்பப்பை வாய் போன்ற சிக்கல் ஒன்றும் இல்லாமல், உங்கள் டொக்டரும் சரி என்றால், 36 கிழமைக்கு முன் போய்விடலாம். ஏறக்குறைய 400 கிலோமீற்றர். இரவு பஸ்ஸைவிட ரயில் நல்லது, எழும்பி நடக்கலாம், சலத்தை அடக்கத் தேவையில்லை. மணித்தியாலத்துக்கு ஒரு தரம் எழும்பி நாலு எட்டு வையுங்கள், அட்டையைப் பெட்டிக்குள் வைக்காமல் கைப்பைக்குள் வையுங்கள். வழியில் ஏதும் என்றால் அநுராதபுரம், வவுனியா, கிளிநொச்சி மூன்றிலும் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. இங்கே உங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் சொல்லிவிட்டுப் போங்கள், அங்கே இறங்கின கிழமையே அவ்விடத்து மருத்துவமாதுவிடம் பதியுங்கள். பெரியாஸ்பத்திரியில் எந்தக் கிளினிக், எந்த நாள் என்று அவர் ஒழுங்கு செய்து தருவார்.

ஆனால் என் மனதில் உள்ளதைக் கேட்டால், ஏலுமென்றால் அம்மா இங்கே வரட்டும். 33 கிழமை வரை உங்களைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறார்கள், ஸ்கேன் எல்லாம் இங்கே இருக்கிறது, உங்கள் அவரும் இங்கேதான். பிள்ளை பிறந்து, தாயும் பிள்ளையும் தேறின பிறகு, எல்லோருமாக ஊருக்குப் போய் ஆறுதலாக இருக்கலாம். அம்மா வருவதென்றால் அந்த நாலு சிங்கள வசனத்தையும் போனிலேயே அவவுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.